பையில் இருந்தவர்

இந்த நாட்டில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு உண்மையிலேயே வேண்டாம். இதை விளங்கிக்கொள்ள எனக்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது. இன்னும் முழுதாக விளங்கியபாடில்லை. நான் மெல்பேர்னில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். வந்த புதிதில், கூட வேலை செய்யும் ஒருத்தியை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி குடிக்கிறீரா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர் முதல் கேள்விக்கே ஓம் என்று சொன்னால்தான் அதிசயம். மூன்று தரம் வேண்டாம் என்பார், நாலாம் தரம் கோப்பை கையில் இருக்கும். ஆகவே நான் பாலை நன்றாக விட்டு ஒரு பெரிய கோப்பை ஊற்றிக் கையில் திணித்தேன். பாவம், மரியாதைக்குக் குடித்தாள். பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும், மறுநாள் அவள் வேலைக்கு வராததற்கு நான்தான் காரணம் என்பதும் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகும் நான் திருந்தவில்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இதே பழக்கதோஷம் என்னைக் கொண்டுபோய்ப் பெரிய இடத்தில் மாட்டிவிட்டது. இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, நடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் இல்லத்தில் இருக்கும் தாயாரைப் பார்க்க வருகிற கிரஹாம் என்பவர், தான் நடத்துகிற ‘புஷ்வோக்’ குழுவோடு வரச் சொன்னார். புஷ்வோக் என்றால் காட்டுக்குள்ளே நடப்பது. விறகு பொறுக்கவோ காணாமற்போன மாட்டைத் தேடவோ இல்லை, சும்மா நடப்பது. இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டிப் போய், காரை நிறுத்திவிட்டு, ஐந்து மணித்தியாலம் நடந்து, திரும்பவும் கார் நின்ற இடத்துக்கே வந்து சேர்வார்கள். “நடக்கிறதுக்குக் காரிலை போற சனத்தை இப்பதான் பாக்கிறன்” என்று என் கணவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் போனேன். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் ஒரு பெட்டியில் போட்டு முதுகுப்பையில் வைத்திருந்தேன்.

அன்றைக்கு நடந்தது கைவிடப்பட்ட ஒரு றெயில்பாதை வழியே. ஒருகாலத்தில் மலைக்காட்டிலிருந்து மரம் ஏற்றி வந்த பாதையாம், நின்று எத்தனையோ வருடமாம். முதல் வளைவிலேயே நான் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். தண்டவாளம் இருந்தது! கறள் பிடித்து, நடுவில் யூக்கலிப்டஸ் கன்றுகள் முளைத்து, ஆனால் இருந்தது. அதன் கீழே சிலிப்பர்க் கட்டைகளும் வரிசை குலையாமல் கிடந்தன. இவ்வளவு காலமாக இதை ஏன் எடுக்கவில்லை என்று கிரஹாமிடம் கேட்டேன். யார் எடுப்பது என்றார். சனம் என்றேன். எதற்கு என்றார். பங்கருக்கு என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய பாதை அப்படி ஒரு வருடம்கூடக் கிடக்கவில்லை. சண்டை தொடங்கி றெயில் நின்ற கையோடு தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின, கட்டைகள் அவற்றுக்குச் சுவராகப் போயின. எங்கள் வளவுக் குழிக்கும் இரண்டு தண்டவாளத் துண்டுகள் வந்தன, அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தோளில் சுமந்து வந்தார்கள். கடைசியில் மிஞ்சியது சல்லிக்கல்லும் மண் அணையும்தான். ஆனாலும் அதை நாங்கள் றெயில் றோட்டு என்றே சொன்னோம். றெயிலையே கண்டிராத பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள்.

கிரஹாம் பேச்சுக் கொடுப்பதில் விருப்பமுள்ள மனிதர். இதற்கு முதல் இப்படிப் பழைய றெயில்பாதையில் நடந்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஓம், ஊரில் ஒருதரம் என்றேன். தனியாகவா, குழுவாகவா என்றார். குழுவாக என்றேன். பெரிய குழுவா என்றார். ஊர் முழுக்க வந்தது என்றேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அப்படியென்றால் உங்கள் ஊர்க் கழகம் நன்றாக இயங்கியிருக்கிறது என்று மற்றவர்களுக்கும் உரத்துச் சொன்னார். பின்னால் வந்த இரண்டு பேர் எனக்குக் கைதட்டினார்கள். நான் என்ன செய்ய, பல்லைக் காட்டிக்கொண்டு நடந்தேன்.

அந்தக் ‘கழகம்’ நடந்தது மழையில். ஆமி முன்னேறி வருகிறது என்று வலிகாமம் முழுவதும் ஒன்றாகத் தென்மராட்சிக்குக் கிளம்பிய நாட்கள் அவை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணை ஏற்கனவே ஜேர்மனிக்குப் போய்விட்டான். அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் நாவற்குழிப் பாலம் தாண்டி, நெரிசலுக்குப் பயந்து றோட்டை விட்டு றெயில் அணையில் ஏறி நடந்தோம். அப்பாவுக்குத் தொய்வு. இருபது அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். மூன்றாம் மாதம், மருந்துப் பம்ப் எங்கும் கிடைக்காமல், வகுப்பறை மேசையில் சாய்ந்தபடியே அவர் போய்விட்டார்.

பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். காடாத்தும் அவன்தான் செய்தான். எலும்பும் சாம்பலும் ஒரு பால்மாத் தகரப் பேணியில் சேர்ந்தன. பக்கத்தில் கச்சாய்க் கடல் இருந்தது, அங்கே கரைக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் தகப்பனும் பாட்டனும் போனது கீரிமலைக் கடலுக்கு, இவரும் அங்கேதான் போகவேணும் என்று ஒரே பிடியாக நின்றா. கீரிமலை அப்போது எங்களுக்குச் சந்திரமண்டலம், ஆமியின் இடம். சாம்பலைக் கூரைக்குக் கீழே வைக்கக்கூடாது என்பதால் பேணியைத் துணியால் கட்டிப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கப் பூவரசில் தொங்கவிட்டோம். காலையில் பல் விளக்கப் போகும்போதெல்லாம் அப்பா அங்கே தொங்குவார். நான் நிமிர்ந்து பார்க்காமல் போவேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தபோதுதான் ஜோனைக் கண்டேன். எழுபத்தெட்டு வயது, ஒல்லி, கூன் விழத் தொடங்கிய முதுகு. முதுகில் ஒரு பை, அதற்கு மேல் ஒரு பச்சைத் துணிப்பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். வயதுபோன மனுசி சுமை தூக்க, நான் கைவீசிக்கொண்டு நடப்பதா? தாருங்கோ என்றேன். வேண்டாம் என்றார். தாருங்கோ என்றேன். உண்மையாகவே வேண்டாம் கண்ணே, பாரமில்லை என்றார். மூன்றாம் தரம் நான் கேட்கவே இல்லை, பச்சைப் பையை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “சரி, கவனம்” என்று மட்டும் சொன்னார்.

உள்ளே பெட்டிபோல ஏதோ இருந்தது, மூன்று கிலோவாவது இருக்கும். இவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொன்று செய்துகொண்டு வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கேக் என்று முடிவு கட்டினேன். கிறீம் ஏதும் இருந்தால் குலைந்துவிடுமே என்று என் முதுகுப்பையைத் திறந்து, புட்டுப் பெட்டிக்கு மேல் சரியாமல் நிமிர்த்தி வைத்து, சுற்றிவரத் துவாயைச் செருகினேன். இரண்டு மணித்தியாலம் அதைச் சுமந்தேன். இடையில் ஒரு ஓடை வந்தது. மற்றவர்கள் பாய்ந்து கடக்க, நான் கேக்குக்காகச் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரில் இறங்கி மெல்லக் கடந்தேன். ஜோன் மறுகரையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகல் ஒரு மணிபோல ஒரு பழைய மரப்பாலத்துக்கு வந்தோம். பள்ளத்தின் குறுக்கே, உயரமான மரக்கால்களில் நின்றது. அங்கே எல்லாரும் நின்றார்கள். கிரஹாம் தொப்பியைக் கழற்றினார். சாப்பாட்டுக்குத்தான் என்று நினைத்து நானும் பையை இறக்கினேன். ஜோன் என் அருகே வந்து, “கென்னை இப்போது தருகிறீர்களா?” என்றார்.

கென் யார் என்று சுற்றிப் பார்த்தேன். எங்கள் பதினொரு பேரில் அப்படி ஒருவர் இல்லை.

“என் கணவர்” என்றார் ஜோன். “உங்கள் பையில் இருக்கிறார்.”

சிவ சிவா! கையில் இருந்த தண்ணிப் போத்தல் விழுந்து உருண்டு போனது. செத்த மனிதரை முதுகில், புட்டுக்கு மேலே வைத்து, துவாய் சுற்றிச் சுமந்திருக்கிறேன்! துடக்கு என்று எங்கள் வீடுகளில் சொல்லும் அந்தச் சாவுத் தீட்டுக்குப் பயந்து, செத்தவீட்டுக்குப் போய்வந்தால் வாசலிலேயே தலை முழுகிவிட்டு உள்ளே வருகிறவள் நான். பையைத் திறக்க எனக்குக் கை ஏவவில்லை. ஜோன்தான் திறந்து, துவாயை விலக்கி, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டியை வெளியே எடுத்தார். என் துவாயை நேர்த்தியாக மடித்துத் திருப்பித் தந்தார்.

பிறகு நடந்தது அதைவிட அதிர்ச்சி. ஐயர் இல்லை, பாதிரியார் இல்லை, ஒரு செபம் இல்லை, ஒரு பூ இல்லை. கென் இந்தப் பாதையில் தண்டவாளம் பார்த்துப் பழுது திருத்துகிற வேலை செய்தவராம். தன்னை இந்தப் பாலத்தின் கீழே போடச் சொல்லியிருந்தாராம். ஜோன் பெட்டியைத் திறந்து, இப்படி நடக்க வரும்போது கோப்பி குடிக்கிற தகரக் கோப்பையால் அள்ளி அள்ளிப் பள்ளத்தில் கொட்டினார். காற்று திரும்பி அடித்துக் கொஞ்சம் அவருடைய சப்பாத்தில் விழுந்தது. “வீட்டிலும் இவர் எப்போதும் என் காலுக்குள்தான் நிற்பார்” என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அந்த இடத்திலேயே இருந்து சான்ட்விச்சைப் பிரித்தார்கள், கேக்கும் உண்மையாகவே ஒன்று இருந்தது. நான் புட்டுப் பெட்டியைத் தொடவில்லை. ஒரு ஓரமாக, வெட்டி விழுத்திய மரத்தில் போய் இருந்தேன்.

ஜோன் ஒரு கேக் துண்டோடு வந்து பக்கத்தில் இருந்தார். என்னிடம் தந்தபோது முதலில் தயங்கியதாகவும், பிறகு ஓடையில் நான் இறங்கியதைக் கண்டு மனம் ஆறியதாகவும் சொன்னார். “அவ்வளவு பக்குவமாகக் கொண்டு வந்தீர்கள். முன்னரும் யாரையாவது சுமந்திருக்கிறீர்களா?”

ஓம் என்றேன், அப்பாவை. எங்கே போட்டீர்கள் என்றார். ஒரு றெயில்பாதையின் கீழே என்றேன். ஜோனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அருமை. அவரும் றெயில்வேயிலா வேலை?” இல்லை, புகையிலைத் தோட்டக்காரர் என்றேன். அதைப்பற்றி அவர் யோசிக்கவில்லை. மிக இயல்பாக, வானிலையைக் கேட்பதுபோல அடுத்ததைக் கேட்டார். “உங்கள் அம்மாவுக்கு அந்த இடம் பிடித்திருந்ததா?”

அவர் தந்த கேக் துண்டை மரத்தில் வைத்தேன். அந்த இடம் அம்மாவுக்குத் தெரியாது. முப்பது வருடமாக என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இதை வாசிக்கிற உங்களுக்குத்தான் இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

ஆறாம் மாதம் ஊர் திரும்பலாம் என்ற கதை வந்தது. எல்லாரும் கிளம்பினோம். போன பாதையாலேயே, தண்டவாளமில்லாத அதே அணையால், மீசாலையிலிருந்து நாவற்குழி நோக்கி நடந்தோம். அம்மாவின் கையில் உடுப்புப் பை, என் கையில் அப்பா. நாவற்குழியில் ஆமியின் சோதனை. வரிசை அரைமைல் நீளம். வரிசைக்குள் கதைகள் ஓடின. சீனிப் பைக்குள்ளும் கம்பி விட்டுக் குத்திப் பார்க்கிறார்களாம். காலையில் ஒரு பெட்டையிடம் ஏதோ தூள் இருந்ததாம், வருத்தத்துக்குக் குடிக்கிற மருந்து என்று அவள் அழுதும் கேட்காமல், வெடிமருந்து என்று ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம், இன்னும் ஆளைக் காணவில்லையாம். உண்மையோ பொய்யோ தெரியாது. என் கையில் ஒரு பேணி நிறையச் சாம்பல்தூள். எனக்குப் பத்தொன்பது வயது. சிங்களத்தில் ‘அப்பா’ என்பதற்கு என்ன சொல் என்றுகூட எனக்குத் தெரியாது.

வெளிக்குப் போகவேணும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அணையிலிருந்து இறங்கினேன். கீழே தண்ணீர் ஓடுகிற சின்ன மதகு ஒன்று இருந்தது. பேணியை அதற்குள் ஒரு கல்லின்மேல் வைத்து, முன்னால் சல்லிக்கற்களை அடுக்கி, பனையோலையால் மூடினேன். இரண்டு நாளில் வந்து எடுக்கிறேன் அப்பா என்று சொன்னதாக ஞாபகம். சொன்னேனோ, சொன்னதாகப் பிறகு நினைத்துக்கொண்டேனோ தெரியவில்லை. பேணி இருந்த துணிப்பைக்குள் ஒரு சட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசைக்கு வந்தேன்.

எங்களைச் சோதித்தவன் என்னைவிட ஒன்றோ இரண்டோ வயது மூத்தவன். முகமெல்லாம் பரு. அம்மாவின் பையைத் திறந்து, மேலே இருந்த வெள்ளைச் சேலையைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டான். பிறகு அதைத் திரும்ப மடித்து உள்ளே வைத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். என் பையைத் தொடவே இல்லை. என் உயிர் திரும்பி வந்தது. பாலம் தாண்டியதும் அம்மா பேணியைக் கேட்டா. நான் யோசிக்கவே இல்லை, “ஆமிக்காரன் எடுத்துப்போட்டான் அம்மா” என்றேன்.

அம்மா திரும்பி ஓடப் பார்த்தா. நாலைந்து பேர் பிடித்து நிறுத்தினார்கள். அப்போது அவ குனிந்து, றோட்டோரத்து மண்ணை ஒரு கை அள்ளி, அந்தத் திக்கைப் பார்த்து எறிந்தா. “என்ரை மனிசனை எடுத்தவன்ரை குடி விளங்கக்கூடாது. அவன்ரை வீட்டிலை தொட்டில் கட்டப்படாது.” சுற்றி நின்ற சனம் விலகி நின்றது. மண் அள்ளித் திட்டினால் பலிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் பக்கத்தில்தான் நின்றேன். கொஞ்ச மண் காற்றில் என் மேலும் விழுந்தது.

இரண்டு நாளில் போய் எடுக்கலாம் என்றது நடக்கவில்லை. அந்த அணையில் மண்மேடும் முள்ளுக்கம்பியும் வந்தன, பக்கத்திலும் போக முடியாது. அடுத்த வருடம் நான் கொழும்புக்குப் போனேன். பிறகு கலியாணம், பிறகு இந்த நாடு. ஒவ்வொரு திவசத்துக்கும் அம்மா காகத்துக்குச் சோறு வைத்தபின் தெருவில் ஏறும் ஒழுங்கை முடக்குக்குப் போய் ஒரு கை மண் அள்ளி அதே வார்த்தைகளைச் சொல்லுவா. நான் இங்கே வந்தபிறகு போனில் கேட்டேன், பிறகு வீடியோவில் கண்ணாலும் பார்த்தேன். எங்கள் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. இரண்டு தரம் வந்து, இரண்டு தரமும் தங்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டி என்று டொக்டர்கள் படம் காட்டி விளங்கப்படுத்தினார்கள், நானும் படித்தவள்போலத் தலையாட்டினேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் அம்மா ‘எடுத்தவன்’ என்று சொல்லும்போது நான் போனைத் தள்ளிப் பிடிப்பேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

புதுப் பாதை போட்டு றெயில் ஓடத் தொடங்கியபின் ஒருமுறை லீவில் போயிருந்தேன். அம்மாவோடு கொழும்புக்கு றெயிலில் போனோம். நாவற்குழி தாண்டும்போது யன்னலால் எட்டி எட்டிப் பார்த்தேன். எல்லாம் புதுக் கொங்கிறீற் மதகுகள். பழையதின் அடையாளம் ஒன்றும் இல்லை. அம்மா கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிடு பிள்ளை என்று நீட்டினா. நாங்கள் அப்பாவின் மேலால் போய்க்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

புஷ்வோக்கால் வந்து வாசலில் வைத்தே தலையில் தண்ணீர் ஊற்றினேன். கணவர் என்ன நடந்தது என்று கேட்க, ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு போனேன் என்றேன். மறுநாள் ஞாயிறு, விடிந்ததும் அம்மாவுக்கு எடுத்தேன். அம்மாவுக்கு எண்பது வயது. பக்கத்து வீட்டுச் சாந்திதான் அவவைப் பார்த்துக்கொள்கிறாள், போனைப் பிடித்துக் கொடுப்பதும் அவள்தான். சுற்றி வளைக்கத் தொடங்கினால் வழுவிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

“அம்மா, அப்பாவை ஆமிக்காரன் எடுக்கேல்லை. நான்தான் பயத்திலை நாவற்குழி மதகுக்குள்ளை வைச்சிட்டு வந்தனான்.”

அம்மா அசையவில்லை. படம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். பின்னால் சாந்தியின் வீட்டு வானொலி கேட்டது. கத்துவா, அழுவா, என்னையும் திட்டுவா என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன். அவ கேட்டது வேறு.

“அப்ப இவ்வளவு காலமும் நான் ஆருக்கு மண் அள்ளிப் போட்டனான்?”

அதோடு போன் கவிழ்ந்தது.

ஒரு கிழமை அம்மா என்னோடு கதைக்கவில்லை. நான் காலையும் மாலையும் எடுத்தேன், சாந்திதான் பதில் சொன்னாள். “கோவமில்லை அக்கா. சாப்பிடுறா. ஆனா எந்நேரமும் தன்ரை கையைப் பாத்துக்கொண்டு இருக்கிறா.” வேலையில் சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். எண்பது வயது மனுசிக்கு இதைச் சொல்லித்தான் இருக்கவேண்டுமா என்று கணவர் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்விதான். ஊரறிய எதையும் சிரித்துக்கொண்டே கொட்டிவிடுகிற ஜோனைப் பார்த்துவிட்டு வந்து, நானும் ஒரு ஜோன் ஆகப் பார்த்தேனாக்கும் என்று என்னையே ஏசிக்கொண்டேன். அம்மா கதைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயத்தில் இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவே எடுத்தா. முந்திய நாள் வெள்ளிக்கிழமை சாந்தியையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் நாவற்குழிக்குப் போனாவாம். றெயில் கடவைக்குப் பக்கத்தில் இறங்கி, நான் சொன்ன திக்கில் அணையோரம் மெல்ல நடந்து, ஒரு போத்தல் பால் ஊற்றினாவாம். பிறகு குனிந்து மண்ணை அள்ளினாவாம். சாந்திக்கு நெஞ்சிடி, கிழவி திரும்பவும் திட்டப் போகிறா என்று கையைப் பிடித்திருக்கிறாள். அம்மா கையை உதறிவிட்டு, அந்த மண்ணைப் புது வெள்ளைத் துணியில் முடிந்து, அதே ஓட்டோவில் கீரிமலைக்குப் போயிருக்கிறா. வழியில் ஒருவரும் மறிக்கவில்லை, இப்போது மறிப்பதற்கும் யாரும் இல்லை. கீரிமலையில் கிரியை செய்கிற ஒருவரைப் பிடித்து, அப்பாவின் பேரைச் சொல்லி, அந்த மண்ணைக் கடலில் கரைத்துவிட்டா. நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா அழவில்லை. அவவுக்கு இன்னும் சொல்லி முடியவில்லை.

அங்கேயே கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சிட்டை இரண்டு எடுத்திருக்கிறா. முதலாவது அந்தப் பருமுகக்காரனுக்கு. “ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். எனக்கென்ன தெரியும், ஆற்றை பிள்ளையோ. பேர் தெரியாத ஒரு பெடியன், நான் தெரியாமல் திட்டிப்போட்டன் எண்டு சொன்னன். ஐயர் என்னை ஒருமாதிரிப் பாத்திட்டு, சுவாமி பேருக்குச் செய்துவிட்டார்.”

மற்றது யாருக்கு என்று கேட்டேன்.

“உனக்கு.”

“எனக்கென்னத்துக்கு அம்மா?”

அம்மா தன் வலது கையை நிமிர்த்திப் பார்த்தா. “எடுத்தது நீயெல்லே, பிள்ளை” என்றா. “தொட்டில் கட்டப்படாதெண்டு வருசா வருசம் நிண்டு கேட்டது நானெல்லே.”

இந்தக் கணக்கை நான் மட்டும்தான் போட்டு வைத்திருக்கிறேன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அம்மாவோ அந்த ஒரு கிழமையில் தன் கையைப் பார்த்துப் பார்த்து அதையே போட்டு முடித்திருக்கிறா. அது கட்டி அம்மா, டொக்டர் படத்தில் காட்டினவர், உங்கடை மண்ணுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தா. நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. என் குரலிலும் ஏதோ தெரிந்திருக்கவேண்டும்.

அர்ச்சனையின் திருநீற்றைக் கடிதாசியில் மடித்து உறைக்குள் வைத்திருக்கிறாவாம், சாந்தி திங்கட்கிழமை தபாலில் போடுவாளாம். வந்ததும் நெற்றியில் பூசிவிட்டு, மிச்சத்தை வயிற்றில் பூசச் சொன்னா. எனக்கு நாற்பத்தொன்பது வயது அம்மா என்றேன். தெரியும், நான்தானே பெத்தனான், பூசு என்றா. பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கை தூளெண்டு பிடிப்பாங்களோ? மருந்தெண்டு எழுதச் சொல்லட்டே?” என்று கேட்டா.

“வேண்டாம் அம்மா. உள்ளதை எழுதுங்கோ.”

உறை இன்னும் வந்து சேரவில்லை, மூன்று கிழமையாகிறது. வேலையால் வந்ததும் தபால்பெட்டியைத்தான் முதலில் திறக்கிறேன். கோண்டாவிலுக்கும் மெல்பேர்னுக்கும் இடையில் ஏதோ ஒரு சோதனை மேசையில், என் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஓதிய ஒரு பிடி சாம்பல், யாரோ திறந்து பார்ப்பதற்காகக் காத்துக் கிடக்கிறது.